சரோஜாவின் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை

மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எத்தனை வருஷம் செய்தாலும் கைவராத வேலை. நேற்றைக்குப் பலித்த வழி இன்றைக்குப் பலிக்காது. காலையில் சிரித்துக்கொண்டே விழுங்கிய மாத்திரையை மாலையில் துப்பிவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதியை, நம்மைப்போல இன்னொரு ஆளும் இருக்கிறான் என்ற ஆறுதலுக்காகப் படியுங்கள்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். மனைவி சரோஜா கெலமங்கலத்துக்காரி, தெலுங்கு பேசும் குடும்பம். மத்திகிரியில் அங்கன்வாடி டீச்சராக இருந்தாள். அதனால் அங்கேயே வீடு கட்டிக்கொண்டோம். ஒரே பையன் பிரபு. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பெங்களூரில் இருக்கிறான்.

கேலண்டர்

ஆரம்பத்தில் எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் நடந்தது. புடவைக்குக் கொசுவம் வைக்கும்போது பாதியில் கை நின்றுவிடும். எதிர்வீட்டம்மா இறந்த துக்கத்துக்கு இரண்டு பேருமாகப் போய்விட்டு வந்தோம். மறுநாள் குழம்பு கொதிக்கும்போது, "அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கறன், கத்திரிக்கான்னா உசிரு" என்று கிண்ணத்தைத் தேடினாள். வயசானால் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். நீங்களும் விட்டிருப்பீர்கள்.

பிரபுதான் பிடிவாதமாகப் பெங்களூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனான். பொறுமையான மனுஷி. இது என்ன மாசம், என்ன கிழமை, எந்த ஊருக்கு வந்திருக்கீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் சரோஜா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தபோது டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். சரோஜா கொஞ்சமும் கலங்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவரிடம் எடுத்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்: "எங்க வீட்ல கேலண்டர் கிழிக்கிறது அவருங்க. அவரைக் கேளுங்க."

ராயக்கோட்டை பஸ்

மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தபோது கேட் திறந்து கிடந்தது. நான் பூட்டாமல் கொண்டியை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தேன். தெருவெல்லாம் தேடினேன். ஸ்டாப்பில் நின்றிருந்த ஆட்டோக்காரர், கைப்பையோடு டவுன் பஸ் ஏறினாங்களே என்றார். அவள் பையில் பட்டன் போன் இருந்தது. விடாமல் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் யாரோ ஒரு ஆண்பிள்ளை எடுத்தார். டீக்கடைக்காரர். சானமாவு காடு தாண்டி, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஸ்டாப்பில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றார்.

ஆட்டோவில் போனால் காட்டோரம் ஃபாரஸ்ட் ஆட்கள் வண்டிகளையெல்லாம் நிறுத்திவைத்திருந்தார்கள். யானைக்கூட்டம் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு நடுவில் நான் நின்றேன். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவழியாக வழி விட்டபிறகு போய்ச் சேர்ந்தேன். சரோஜா கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து இந்தப் பஸ்ஸில்தான் வருவார் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். நான் நன்றி சொல்லக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "யானைக்குக்கூடப் பின்னாடியே நாலு ஃபாரஸ்ட் ஆளு வர்றாங்க சார். இவங்களை எப்படி சார் தனியா விட்டீங்க?"

கெலமங்கலம் வீடு

அதற்குப் பிறகு கேட்டுக்கு எப்போதும் பூட்டு. பூட்டைப் பார்த்தால் அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மன இண்டிக்கி போதாம்" என்பாள். நம்ம வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். இதுதானே நம்ம வீடு என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கே தெரியும், அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அவள் கேட்பது பிறந்த வீடாக இருக்கும் என்று ஒருநாள் கெலமங்கலத்துக்கே அழைத்துப்போனேன். அண்ணன்மார் அந்த வீட்டை விற்று ரொம்ப நாளாகிறது. இப்போது மும்தாஜ் என்ற அம்மாவின் குடும்பம் இருக்கிறது. அவர் வீட்டுக்காரருக்குச் சந்தையில் தக்காளி வியாபாரம். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா மறு பேச்சுப் பேசாமல் உள்ளே கூப்பிட்டார்.

வீடு மாறியிருந்தது. தரையெல்லாம் டைல்ஸ், முன்னால் கிரில். மும்தாஜ் தெலுங்கிலேயே பேசி, அவள் கையைப் பிடித்து அடுப்படியைக் காட்டினார், பின்பக்கம் மூடிப்போட்ட கிணற்றைக் காட்டினார். சரோஜா அந்நியர் வீட்டுக்கு வந்தவள்போல எதையும் தொடாமல் மரியாதையாகப் பார்த்தாள். டீயைக் குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒக்க ரோஜு மா இண்டிக்கி ரண்டி" என்றாள். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்கிறாள், தான் பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மும்தாஜ் அவள் கையை விடாமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நான் கண்டிப்பா வர்றங்கண்ணா. அவங்களுக்கு வீடு எதுன்னு தெரியற அன்னிக்கி சொல்லியனுப்புங்க."

தள்ளி நில்லுங்க

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான காலம். அப்போதெல்லாம் நான் யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் குளிக்க வைக்க வெந்நீர் விளாவிவிட்டு வந்து, வழக்கம்போலத் தோளில் கை வைத்தேன். பதறி எழுந்தாள். புடவை முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். கண்ணில் பயம். "எவரு மீரு?" என்றாள். யார் நீங்கள் என்று கேட்கிறாள். சரோ, நான்தான் என்றேன். பேரைச் சொன்னேன், பிரபு பேரைச் சொன்னேன், கல்யாணப் போட்டோவை எடுத்துவந்து காட்டினேன். போட்டோவில் இருந்த மாப்பிள்ளையை அவளுக்குத் தெரிந்தது. என்னைத்தான் தெரியவில்லை. அந்த மாப்பிள்ளை எங்கே, இந்தத் தொந்தியும் வழுக்கையும் எங்கே.

அன்றிலிருந்து குளியல் இல்லை, துணி மாற்றுவது இல்லை. நான் படுக்கையறைப் பக்கம் போனாலே கதவைச் சாத்திக்கொள்வாள். என் பாயும் தலையணையும் ஹாலுக்கு வந்தன. கோபமாக வந்தது என்று சொன்னால் பொய். அவமானமாக இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் அந்நிய ஆண்பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வாளோ அப்படித்தான் அவள் நடந்துகொண்டாள். அந்த அந்நியன் நானாகப் போய்விட்டதுதான் தொல்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் ஈரத்துணியோடு பக்கத்தில் போனேன். அவள் கத்தவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளை அதட்டும் குரலில் சொன்னாள்: "நான் கல்யாணம் ஆனவ. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். தள்ளி நில்லுங்க."

காம்பவுண்டு சுவரோரம்

பக்கத்துத் தெரு முனியம்மாவை அப்புறம்தான் வேலைக்கு வைத்தோம். காலையில் வந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவார். ஆனால் முனியம்மா கூப்பிட்டாலும் சரோஜா குளியலறைக்குள் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு ஆண்பிள்ளை இருக்கும்போது எப்படிக் குளிப்பது என்றாள். "நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்கணா" என்றார் முனியம்மா. நான் காம்பவுண்டு சுவரோரம், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றேன். ரொம்ப நேரமாகியும் சத்தமே இல்லை. குளித்தாயிற்றா என்று கேட்க உள்ளே இருந்த சரோஜாவின் போனுக்கு அடித்தேன். எடுத்த முனியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேசறாரு" என்று சொல்லி அவள் காதில் வைத்துவிட்டார்.

"சரோ" என்றேன். "ஏங்க, எங்க இருக்கறீங்க?" என்றாள். அவளுடைய பழைய குரல், உரிமையாகக் கேட்கிற குரல். முகத்தை மறந்தவளுக்குக் குரல் மறக்கவில்லை. ஃபேக்டரியில் இருக்கிறேன், ஓவர்டைம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டில் இருக்கிற ஆள் நான் அனுப்பின ஆள்தான், பயப்படாமல் குளி, அவர் கொடுத்தால் சாப்பிடு என்றேன். உம் கொட்டினாள். பிறகு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆளு நல்ல மாதிரியாத்தான் தெரியுது. இருந்தாலும் நீங்க சீக்கிரம் வந்துடுங்க."

புகார்

அதன்பிறகு தினமும் குளிக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் நான் சுவரோரம் போய் நின்று பேசுவேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவள் ஷிஃப்டில் இருக்கும் கணவனுக்குச் சொல்வாள். அந்த ஆள் ரசத்துக்குப் பெருங்காயமே போடுவதில்லை. தலை வாரிவிட்டால் பின்னல் ஒரு பக்கமாகப் போகிறது. டிவியைச் சத்தமாக வைக்கிறார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சொல்லி வைக்கிறேன் என்பேன். அடுத்த நாள் ரசத்தில் பெருங்காயம் இருக்கும். பின்னல் மட்டும் எனக்குக் கடைசிவரை நேராக வரவில்லை, அதை முனியம்மா எடுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் இதைச் சொல்லி, இது தப்பா என்று கேட்டேன். அவங்க பயப்படாம இருந்தா அது போதும் என்று சொல்லிவிட்டார். முனியம்மாவுக்கு இதில் பரம திருப்தி. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க மேல குடுக்கற புகாரு உங்ககிட்டயே வருது. எந்த ஆபீஸ்லணா இவ்ளோ சீக்கிரம் நடவடிக்கை எடுக்கறாங்க?"

தனி ஆள்

எப்போதும் புகார்தான் வரும் என்றில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், தொட்டிக்கு மேலே போட்டிருந்த ஷீட்டுக்கு அடியில் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமலே இருந்தாள். என்ன பண்றாரு அவரு என்று நானாகக் கேட்டேன். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பீகார்க்காரப் பையன்கள் துணி எடுக்க ஓடிவந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். கிழவன் மழையில் நின்று யாரோடு பேசி அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அவள் சொன்னது இதுதான்: "பாவங்க. அவருக்கு யாரும் இல்ல போல. தனியாவே உக்காந்திருக்காரு."

ராங் நம்பர்

எனக்கு முட்டி வலி அதிகமானபோது பிரபு ஒரு ஹோம் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நானும் அவனும் போய்ப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது, நர்ஸுகள் கனிவாகப் பேசினார்கள். "நீங்க விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாருப்பா பாக்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. யோசிக்கிறேன் என்றேன். ஹோம் என்று சொல்லும் பிள்ளைகளையெல்லாம் நாம் கொஞ்சம் அவசரப்பட்டுத் திட்டிவிடுகிறோம். பிரபு ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனியம்மா லீவு. அவனே சோறு பிசைந்து எடுத்துப்போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். சிலிண்டர் கொண்டுவந்தவன் என்று நினைத்து, வாசலிலேயே வைக்கச் சொன்னாள். அவன் சிரித்துச் சமாளித்தான். கையைக் கழுவிவிட்டு, நான் நிற்கிற அதே சுவரோரம் போய் நின்று அவள் போனுக்கு அடித்தான். நான்தான் போனை அவள் காதில் வைத்தேன். ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் அவன் குரல் கேட்டது. "அம்மா, நான் பிரபும்மா." அவள் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இன்னொரு தடவை அவன் சொன்னான். அவள் அவனை நோகடிக்கக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பதில் சொன்னாள்: "ராங் நம்பருங்க. உங்க அம்மாவுக்கு வேற நம்பரா இருக்கும், பாத்துப் பண்ணுங்க."

மொச்சை

பிரபு ஊருக்குக் கிளம்பும்போது, நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப சேத்துக்கலாம்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நான் இழுத்துக்கொண்டே போனேன். போன் இருக்கும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

தை மாதம் அதுவும் போயிற்று. முனியம்மா போனைக் காதில் வைத்தார். நான் சுவரோரமிருந்து சரோ, சரோ என்றேன். அவள் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீப்பை வைப்பதுபோல ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கணவன் என்று எனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போயிற்று. முனியம்மா போனபிறகு அவள் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. நான் தட்டோடு போனால் வாயை இறுக்கிக்கொண்டு கதவைப் பார்ப்பாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. என் வீம்புக்கு அவளைப் பட்டினி போடுகிறேனோ என்று பயம் வந்துவிட்டது. சாயங்காலம் பிரபுவைக் கூப்பிட்டு, சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அன்று மதியம் முனியம்மா போனபிறகு கரண்ட் போய்விட்டது. ஹாலில் புழுக்கமாக இருந்ததால் வாசல் கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் அறையிலிருந்து வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து எதிரில் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து உரித்தாள். கைக்கு அது மறக்கவில்லை, என்னைவிட வேகமாகவே உரித்தாள். இரண்டு பேரும் பேசாமல் கூடையைக் காலி செய்தோம். வேகவைத்து, உப்புப் போட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். நான் ஒன்று எடுத்து வாயில் போட்டேன். அவளும் ஒன்று எடுத்தாள். கிண்ணம் காலியானது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

நான் யார் என்று இனிமேல் அவளிடம் சொல்லி நம்பவைக்க வேண்டியதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் அவள் வீட்டுக்காரன் என்று நிரூபிக்கிற வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கிற ஆளாகவே இருந்துகொள்ளலாம். அந்த ஆளுக்குப் பரிமாறத் தெரிகிறது, அவர் பக்கத்தில் அவள் உட்காருகிறாள், அவ்வளவு போதும். பிரபுவுக்கு நான் அன்றைக்குப் போன் செய்யவில்லை. முட்டி எத்தனை நாள் ஒத்துழைக்குமோ தெரியாது, அந்தப் பேச்சு ஒருநாள் மறுபடி வரும்.

இரண்டாவது கிண்ணமும் முடிந்ததும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னை நன்றாகப் பார்த்தாள். பயம் இல்லை. ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீங்க வேற எங்கயும் போகாதீங்க, இங்கயே இருந்துடுங்க. எங்க வீட்டுக்காரர் வந்தா நான் சொல்லிக்கறன்."

கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் ஆக்குவது அடியோடு நின்றுபோன இந்த ஓசூரில், இந்த வயதில், ஓனரம்மா வாயாலேயே எனக்கு அது கிடைத்துவிட்டது.